கழற்றிய கிளட்ச் பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்

25,000 கி.மீ.யில் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நீங்க ஹாஃப் கிளட்ச்ல ஓட்டுறீங்க சார்." பெடலைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பல வண்டிகளில் அது உண்மையும்கூட. ஆனால் ஆயில் சீல் கசிந்தாலும், கேபிள் சரியாக அட்ஜஸ்ட் ஆகாமல் இருந்தாலும், போன தடவை பூட்டியவர் கியர்பாக்ஸைத் தொங்கவிட்டுப் பூட்டியிருந்தாலும் அதே பதில்தான் வரும். காரணத்தைப் பார்க்காமல் புது செட் போட்டால் அடுத்த 25,000-த்தில் அதே இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். நிதானமாக ஓட்டும் சிறிய காரில் ஒரு செட் 60,000 முதல் 1 லட்சம் கி.மீ. வரை உழைப்பது சாதாரணம். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியில் அதையும் தாண்டும்.

ஆகவே வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பழைய செட்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க, நான் பார்க்கணும்." பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் கேளுங்கள். பிளேட் போய் அழுந்தும் இன்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃபிளைவீலை வண்டியிலேயே பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. காலியான சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) முள் சட்டென்று ஏறி, வேகம் பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அந்தச் சோதனையே பிளேட்டைச் சூடாக்கும் என்பதால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். பெடலை அழுத்தும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் இருக்கும் சத்தம் பெடலை அழுத்தினால் நின்றுபோனால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அதற்கு கிளட்ச் செட் போட்டுப் பயனில்லை.

இப்போது பழைய பிளேட். இருபுறமும் ஒரே சீராகத் தேய்ந்து, ரிவெட் தலைகள் லைனிங் (பிளேட்டின் உராயும் மேல்பகுதி) மட்டத்துக்கு வந்துவிட்டனவா? அப்படியானால் பிளேட் தேய்ந்து தீர்ந்துவிட்டது. ரிவெட் தலைக்கு மேல் மிஞ்ச வேண்டிய லைனிங்குக்கு கம்பெனிகள் சொல்லும் கடைசி அளவு பொதுவாக 0.3 முதல் 0.5 மி.மீ. ஒரு வெர்னியர் போதும், அளந்துவிடலாம். லைனிங் கருகிக் கண்ணாடிபோல் மினுங்குகிறதா, ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கருக்கியது சூடு. இந்த இடத்தில் மெக்கானிக் சொல்வதுதான் சரி, கோபித்துக்கொள்ளக் கூடாது.

கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது பிளேட் தேயாது. பெடல் முழுதாக அமுங்கியிருக்கும்போதும் தேயாது, ரிலீஸ் பேரிங்தான் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில், வழுக்கிக்கொண்டே பிடிக்கும் அந்த நொடிகளில்தான் தேய்மானம் முழுவதும். ஆகவே எத்தனை முறை கியர் மாற்றினோம் என்பது பெரிய கணக்கில்லை. எத்தனை நொடி, எந்த ஆர்பிஎம்மில் வழுக்கவிட்டோம் என்பதே கணக்கு.

ஆட்களோடு 1,200 கிலோ வரும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் சுமார் 10 கி.மீ. சமதரையில் அப்படி ஒரு முறை நகர்த்த பிளேட்டில் இறங்கும் வெப்பம் ஏறக்குறைய 5 கிலோஜூல். அதையே 3,000 ஆர்பிஎம் வைத்து உறுமவிட்டு எடுத்தால் 20 கிலோஜூல். ஆர்பிஎம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்கு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், ஐடிலிங்கிலேயே பெடலை மெல்ல விட்டு நகர்த்தினால் ஒன்றரை கிலோஜூலோடு முடிந்துவிடும். சமதரை டிராஃபிக்கில் டீசல் கார்கள் இதைச் சுலபமாகச் செய்யும். இப்போதைய பெட்ரோல் கார்களிலும் பெரும்பாலானவை செய்யும்.

மேடு வந்தால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது. 10 அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் அதே காரை பிரேக் போடாமல், ஹாஃப் கிளட்சிலேயே 1,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி வைத்தால் பிளேட்டில் இறங்குவது ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். பக்கெட்டில் போடும் 1,500 வாட் ஹீட்டர் கம்பி இரண்டைச் சொருகியதைவிட அதிகம். அரை நிமிடம் அப்படி நின்றால் சமதரையில் 20 முறை வண்டி எடுத்ததற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓட்டத்தோடு ஏறினால் பிளேட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சீசன் ஞாயிற்றுக்கிழமை ஊட்டி மலைப்பாதையில் முன்வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு, ஹாஃப் கிளட்சில் அரை அடி அரை அடியாக ஊர்ந்தால் ஒரே மதியத்தில் கருகல் வாடை வரும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு கார் நீளம் இடைவெளி விழும்வரை ஹேண்ட் பிரேக்கில் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்களுக்கு கிளட்ச் வாங்கித் தரப்போவதில்லை.

மேட்டில் எடுக்கும் முறை: ஹேண்ட் பிரேக் முழுதாக, முதல் கியர், ஆர்பிஎம் 1,500 அளவில். கிளட்சை மெல்ல விட, வண்டியின் முகப்பு லேசாக எழும்பும் அல்லது பின்பக்கம் அமரும். அந்தக் கணத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டி நகர்ந்ததும் கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஹில் ஹோல்ட் உள்ள கார் சுமார் 2 நொடிதான் பிடித்துத் தரும், அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

இதைவிடக் கொடியது, அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸில் ஏறுவது. இடம் குறுகல் என்பதால் வேகம் எடுக்க முடியாது. முழு மேடும் ஹாஃப் கிளட்ச்தான். இறங்கும்போதே யோசித்து, வெளியே முகத்தோடு ஏறிவருமாறு கீழே திருப்பி நிறுத்துங்கள்.

இன்னொரு பழக்கம், ஸ்பீட் பிரேக்கரில் ஏறக்குறைய நின்றுவிட்ட வண்டியை இரண்டாவது கியரிலேயே இழுப்பது. முதல் கியரும் இரண்டாவதும் கிட்டத்தட்ட 3.5-க்கு 1.9 என்ற விகிதத்தில் இருந்தால், நின்ற நிலையிலிருந்து எடுக்க முதல் கியரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வெப்பம். நடை வேகத்துக்குக் கீழே போனால் முதல் கியர்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும் வகை) வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. பெடல் இல்லையே தவிர அதே உலர் பிளேட் உள்ளே இருக்கிறது; மேட்டில் ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதுவும் கருகும்.

ஓட்டுபவர் மேல் பழி போட முடியாத அறிகுறிகளும் உண்டு. பிரஷர் பிளேட்டின் நடுவில் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் இருக்கும். அவற்றின் நுனியில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, ரிலீஸ் பேரிங்கும் கரகரத்தால், பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பெடல் மேல் கால் வைத்து ஓட்டினாலும் இப்படி ஆகும், ஃப்ரீ பிளே (பெடலில் எதிர்ப்பு தொடங்கும்வரை உள்ள வெற்று ஆட்டம்) இல்லாவிட்டாலும் ஆகும். லைனிங் தேயத் தேய இந்த விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. கேபிளால் இயங்கும் கிளட்சில் அதற்கேற்ப கேபிளை அவ்வப்போது தளர்த்தாவிட்டால் ஃப்ரீ பிளே சுருங்கிப் பூஜ்யமாகிவிடும். பிறகு நீங்கள் காலே வைக்காவிட்டாலும் வண்டி நிரந்தரமாகக் கொஞ்சம் ஹாஃப் கிளட்சில் ஓடும். வழுக்க வழுக்கத் தேயும், தேயத் தேய இன்னும் வழுக்கும்.

பார்ப்பது எளிது. பெடல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, விரலால் அழுத்துங்கள். எதிர்ப்பு தெரியும்வரை உள்ள தூரம் மாடலுக்கேற்ப 10 முதல் 25 மி.மீ. இருக்க வேண்டும், சரியான எண் கையேட்டில் இருக்கும். கேபிள் உள்ள சிறிய கார்களில் கியர்பாக்ஸ் பக்கத்து லீவரில் 2 முதல் 4 மி.மீ. ஆட்டம் வைப்பது வழக்கம். லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டிங் நட்டைத் திருப்பினால் பத்து நிமிட வேலை. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் தேய்மானம் தானாகவே ஈடாகிவிடும். ஆனால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள புஷ் ராடில் ஆட்டமே இல்லையென்றால் திரவம் டேங்குக்குத் திரும்ப வழியடைந்து, சூட்டில் விரிந்து, கிளட்சை லேசாக அழுத்தியே வைக்கும். தரையில் போடும் தடித்த மேட் வேறு கதை: அது பெடலை முழுதாக இறங்க விடாது. கிளட்ச் முழுதாக விடுபடாமல் ரிவர்ஸ் போடும்போது கரக்கென்று கத்தும்.

அடுத்தது எண்ணெய். லைனிங்கில் கருத்த ஈரப்பசை இருந்தால், புது செட் போடுவதற்கு முன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபிளைவீல் பக்கம் நனைந்திருந்தால் முதல் சந்தேகம் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல். பிளேட்டின் நடுப்பகுதியும் கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் கியர்பாக்ஸ் பக்கமும் நனைந்திருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல். கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கும், மோந்து பார்த்தாலே இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். நனைந்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லைனிங் உறிஞ்சிய எண்ணெய், சூடேறினால் திரும்ப வெளியே வரும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, நடுவிலுள்ள ஹப் தளர்ந்து ஆடினாலோ பூட்டிய விதத்தைச் சந்தேகியுங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கில் தாங்காமல், இன்புட் ஷாஃப்ட்டைப் பிளேட்டில் சொருகித் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். கழற்றும்போது கீழே விழுந்த டவல் பின்னை (கியர்பாக்ஸை இன்ஜினோடு நேர்கோட்டில் நிறுத்தும் முளை) திருப்பிப் போடாமல் விடுவதும் நடக்கிறது. சுற்றிப் பார்க்கும்போது பிளேட்டின் விளிம்பு பக்கவாட்டில் ஆடுவது 0.8 முதல் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பூட்டும்போது பக்கத்தில் நின்றால் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கியர்பாக்ஸ் இறக்கும் கூலியே பெரிது என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும்; ஆயில் சீலையும் அதோடு பார்த்துவிடலாம். ஃபிளைவீலில் நீலத் திட்டு இருந்தால் லேத்தில் முகம் பிடித்துக்கொள்ளலாம். இரட்டை நிறை ஃபிளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டுச் சக்கரம்) உள்ள டீசல் கார்களில் லேத்துக்குக் கொடுக்கக் கூடாது, ஆட்டம் மீறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஃபிளைவீல் முகத்தை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் எண்ணெய்ப் படலம் தங்கி, புது பிளேட் முதல் நாளே அதிரும். பிளேட்டில் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸை நோக்கி வரும். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களான ஸ்ப்லைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். பிளேட்டை ஒருமுறை ஏற்றி இறக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, டார்க் ரென்ச்சில் முடிக்க வேண்டும். சிறிய கார்களில் இது 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் அளவில் வரும். ஏர் கன்னால் ஒரு பக்கமாக இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணிவிடும்.

பூட்டி முடித்ததும் ஃப்ரீ பிளேயைப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். பழைய தேய்மானத்துக்கு வைத்த அளவு புது செட்டுக்குப் பொருந்தாது. முதல் 500 கி.மீ. சாதாரண ஊர் ஓட்டம் மட்டும். மலைப்பயணமும் முழுச் சுமையும் அதற்குப் பிறகு. 1,000 கி.மீ.யில் ஸ்கேலை எடுத்து பெடலை இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.