பக்கத்து வீட்டில் தீ, நமக்குக் குளிர்காயல்

2010 ஜனவரி கடைசியில் டொயோட்டா, அமெரிக்காவில் தன் 8 மாடல்களின் விற்பனையை நிறுத்தி வைத்தது. ஆக்சிலரேட்டர் பெடல் மிதித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளலாம் என்ற பயம்தான் காரணம். அடுத்த சில நாட்களிலேயே போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், டொயோட்டா வைத்திருப்பவர்கள் தன் காரை வாங்கினால் 1,000 டாலர் தள்ளுபடி என்று அறிவித்தது. ஃபோர்டும் ஹூண்டாயும் அதையே செய்தன. இரங்கல் சொல்ல வந்தவர் கையோடு பத்திர நகலும் கொண்டு வந்த மாதிரி!

பிப்ரவரியில் டொயோட்டாவின் விற்பனை சுமார் 9 சதவீதம் சரிந்தது, ஃபோர்டுடையது 43 சதவீதம் ஏறியது. ஆனால் அத்தனையும் பறிபோன வாடிக்கையாளர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சந்தையே படுத்துக் கிடந்தது, அதோடு ஒப்பிட்டால் எதுவும் உயரமாகத்தான் தெரியும்.

சரி, மார்ச்சில் டொயோட்டா வட்டியில்லாக் கடனோடு இறங்கியது. விற்பனை 40 சதவீதத்துக்கு மேல் எகிறியது. பழைய நம்பிக்கை அவ்வளவு லேசில் செத்துவிடவில்லை போல.

அப்புறம் 2014-ல் இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது யார் தெரியுமா? அதே ஜெனரல் மோட்டார்ஸ்.