பாமினியில் அடித்த மொய்ப் பட்டியல்

ஆடி கழிந்துவிட்டால் உசிலம்பட்டிப் பக்கம் காதணி விழாக்கள் வரிசை கட்டிவிடும். தட்டச்சுக் கடை வைத்திருக்கும் எனக்கு அப்போது பத்திரிகை அடிப்பதைவிட மொய்ப் பட்டியல் தேடுவதுதான் பெரிய வேலை. யார் எவ்வளவு செய்தார் என்று தெரிந்தால்தானே திருப்பிச் செய்ய முடியும்?

சென்ற வாரம் ஒரு பெரியவர் பழைய பென்டிரைவைக் கொண்டுவந்தார். அதில் பாமினி எழுத்துருவில் அடித்த மொய்ப் பட்டியல் இருந்தது. கோப்பு திறந்தது, பெயர்களும் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் தேடும் கட்டத்தில் ‘மதுரை’ என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. “தாயி, கண்ணெதிரே ஊர் பெயர் இருக்கிறது, இல்லை என்கிறதே இந்தப் பெட்டி!” என்றார்.

பெட்டியின் மேல் குற்றமில்லை. அது எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எட்டு பிட் (0 அல்லது 1) சேர்ந்தது ஒரு பைட்; அதில் 256 வெவ்வேறு எண்களுக்குத்தான் இடம். அந்த இடங்களில் ஆங்கிலம் முன்பே உட்கார்ந்திருந்ததால், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்ணுக்கே தமிழ் உருவத்தை வரைந்து கொடுத்தன. பாமினியில் ‘மதுரை’ என்பது உள்ளே சிறிய கே, பெரிய ஜே, சிறிய ஐ, சிறிய யு. நான்கே பைட். எழுத்துருவை மாற்றினால் அந்த நான்கு ஆங்கில எழுத்துகள்தாம் பல்லிளிக்கும்.

பெரியவர் தேடும் கட்டத்தில் அடித்ததோ யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை. அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. அங்கே ‘மதுரை’ என்பது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து எண்கள். பாமினியில் ஐகாரக் குறியை முதலில் அடித்துவிட்டு ரகரத்தை அடிப்போம். யூனிகோடில் ரகரம்தான் முதலில். எண்கள் ஒத்துப்போகாததால்தான் தேடல் இல்லை என்றது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. கோப்பு வீங்கிவிடும் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஊர் மொத்தத்தின் மொய்யையும் எழுதினாலும் கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது.

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாது. பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் அடித்திருந்த பட்டங்களையும் கருவி பாமினி என்றே எண்ணித் தமிழாக்கிவிடும். ‘பழனிசாமி’யும் ‘பழனிச்சாமி’யும் அதற்கு இரண்டு ஆட்கள், அவர் ஒரே பங்காளி என்பது நமக்குத்தான் தெரியும்.

அகரவரிசையிலும் ஒரு வம்பு இருக்கிறது. யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே நிற்கிறது. வெறும் எண்ணை வைத்து அடுக்கும் மென்பொருளில் பன்னீர்செல்வம் பரமசிவத்தை முந்திக்கொள்வார். அதனால் முதலில் ஊர்வாரியாகப் பிரித்து, அதற்குள்தான் பெயரை அடுக்குகிறேன். ஓர் ஊருக்குள் ஆள் எங்கே நின்றாலும் கண்ணில் பட்டுவிடுவார்.