கோண்டுவானா வரைபடம்: பின்னோக்கி ஒட்டிப் படிப்பது எப்படி

இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த பழைய பெருநிலம்தான் கோண்டுவானா. அந்தப் பாடத்தைப் பெரும்பாலோர் காலவரிசையில்தான் மனப்பாடம் செய்கிறார்கள்: துண்டுகள் சேர்ந்தன, எல்லாக் கண்டங்களும் ஒன்றாயிருந்த பாஞ்சியாவோடு இணைந்தன, பிறகு பிரிந்தன. விரிவாக எழுதும் கேள்விக்கு அது போதும். வரைபடம் கேட்டால் போதாது. வரைபடம் போடுகிறவர் இன்றைய கண்டங்களிலிருந்து தொடங்கி, கடைசியாகத் திறந்த கடலை முதலில் மூடி, பின்னோக்கி நகர வேண்டும். இந்த வரிசை மாறினால் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் மிக மெதுவாகவே விலகத் தொடங்கின. வேகம் பிடித்தது சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதை முதலில் மூடுங்கள். அடுத்து இந்தியா–சேஷல்ஸ் (சுமார் 6.3 கோடி), பிறகு இந்தியா–மடகாஸ்கர் (சுமார் 8.8 கோடி). தென் அட்லாண்டிக் தெற்கே சுமார் 13 கோடியில் திறக்கத் தொடங்கி, நடுக்கோட்டுப் பகுதி சுமார் 10 கோடியில்தான் முழுதாகப் பிரிந்தது. ஆகவே அதை ஒரே அசைவில் மூடாமல் இரண்டு கட்டமாக மூட வேண்டும். இந்தியா அண்டார்டிகாவிலிருந்து விலகியதும் சுமார் 13 கோடியில். கடைசியாக மூட வேண்டியது கிழக்குப் பாதிக்கும் (இந்தியா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா) மேற்குப் பாதிக்கும் (ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா) இடையே சுமார் 17 கோடியில் உண்டான பிளவு. அதற்குச் சற்று முன்பு, 18.3 கோடி வாக்கில், தென் ஆப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் காணப்படும் கரூ–ஃபெரார் எரிமலைப் பாறைகள் பெருகி வழிந்தன. மில்லியனைக் கோடியாக்கும்போது பத்தால் வகுக்க வேண்டும். விடைத்தாள்களில் ஒரு சுழி கூடிப்போவது மிகச் சாதாரணம். அதனால் 17 கோடியிலான ஜுராசிக் நிகழ்வு ஒன்று 170 கோடிக்கு, கேம்பிரியனுக்கும் முந்தைய காலத்துக்கே தள்ளப்பட்டுவிடும்.

கையால் பயிற்சி செய்யத் தட்டையான உலகப் படம் உதவாது. மெர்கேட்டர் படத்தில் அண்டார்டிகா அடியோரத்தில் பட்டையாக நீண்டுவிடுவதால் எதுவும் பொருந்தாது. 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையின் மீது மெல்லிய பாலிதீன் தாளை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு கண்டத்தையும் தனித்தனியாக வரைந்து வெட்டுங்கள். அந்த அளவில் 1 மி.மீ. என்பது தரையில் ஏறக்குறைய 42 கி.மீ.; மார்க்கர் பேனாவின் கோடே அவ்வளவு தடிமன் இருக்கும். அதனால் 50 கி.மீ. இடைவெளியைப் பற்றிச் சண்டை போட இது இடமில்லை.

வெட்ட வேண்டியது கடற்கரையை அல்ல, கண்டத்தின் உண்மையான விளிம்பை. 1965-ல் புல்லார்டு, எவரெட், ஸ்மித் மூவரும் அட்லாண்டிக்கின் இருபுறத்தையும் கணினியில் பொருத்தியபோது 500 ஃபாதம், அதாவது சுமார் 900 மீட்டர் ஆழக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் நைஜர் கழிமுகத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. அந்த வண்டல் பிரிவுக்குப் பிறகு சேர்ந்தது. அதைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும். இந்தியாவின் வடக்கு ஓரத்தில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அங்கே இருந்த நிலம் இமயமலையில் மடிந்தும் திபெத்தின் அடியில் நுழைந்தும் போய்விட்டது. இன்றைய எல்லையோடு நிறுத்தாமல் விடுபட்ட பகுதியைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள்.

மடகாஸ்கரில் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுகிறார்கள். எதிரில் மொசாம்பிக் இருக்கிறதே என்று நேர் மேற்கே தள்ளிவிடுகிறார்கள். அது வந்தது வடக்கிலிருந்து, கென்யா–சோமாலியா கரையை ஒட்டிய இடத்திலிருந்து. நகர்ந்த தடமாக மொசாம்பிக் கால்வாயில் டேவி முகடு என்ற கடலடி மேடு இன்றும் கிடக்கிறது.

வரைபடத்தில் எதை வண்ணமிடுவது என்பது தனிக் கேள்வி. 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கோண்டுவானா என்று தலைப்பிட்டால் அதைவிட இளைய பாறை எதுவும் அதில் இருக்கக் கூடாது. தக்காணப் பாசால்ட்டின் வயது 6.6 கோடி, அதை உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று ஓரங்களில் தெரியும் பாறைகளை வைத்து ஊகித்துப் போட வேண்டும். நல்ல கோடுகள் போட்டுவிட்டு இந்த ஒரு இடத்தில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறவர்கள் அநேகம்.

துண்டைச் சுழற்றும்போது அதன் மேலுள்ள அம்புக்குறிகளும் சேர்ந்து சுழல வேண்டும். தால்சீர் (இந்தியா), த்வைக்கா (தென் ஆப்பிரிக்கா) பனிப்பாறைப் படிவங்களுக்கு அடியிலுள்ள கீறல்களை இன்றைய திசையிலேயே விட்டுவிட்டால், பனி நாலா திசையிலும் தாறுமாறாக ஓடியதுபோல் தோன்றும். கீறல் தருவது ஒரு கோட்டை மட்டுமே. பனி எந்தப் பக்கம் போனது என்று சொல்லாது. அதற்கு ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் பிய்ந்தும் இருக்கும் பாறை மேடுகளைப் பார்க்க வேண்டும். பிய்ந்த பக்கம் பனி போன பக்கம்.

புதைபடிவச் சான்றில், மீசோசாரஸ் என்ற நீர்வாழ் ஊர்வனவைத் தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்கா–நமீபியாவிலும் மட்டும் குறியுங்கள். இந்தியாவில் போட்டால் தவறு. லிஸ்ட்ரோசாரஸ் என்ற தரைவாழ் விலங்கு தென் ஆப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா மூன்றிலும் உண்டு. ஆனால் சீனாவிலும் ரஷ்யாவிலும்கூடக் கிடைப்பதால் அது பாஞ்சியாவுக்குச் சான்று. கோண்டுவானாவுக்கு மட்டும் உரியதல்ல. இன்னொன்று: 1885-ல் கோண்டுவானாலாந்து என்று எழுதிய ஆஸ்திரிய நிலவியலாளர் சூயஸ், கண்டங்கள் நகர்ந்ததாகச் சொல்லவில்லை, இடையிலிருந்த நிலம் கடலில் அமிழ்ந்ததென்றே நினைத்தார். நகர்வை அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தொல்காந்தவியல் கணக்கு, அதாவது பாறையில் பதிந்த பழைய புவிகாந்தத்தை வைத்து அது இருந்த அட்சரேகையைக் காணும் கணக்கு, கட்டாயம் வரும். காந்தத் திசை கிடைமட்டத்தோடு கொள்ளும் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு, அட்சரேகையின் டேன் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு. சாய்வு 60° என்றால் டேன் 1.732, பாதி 0.866, தொல் அட்சரேகை சுமார் 41°. தீர்க்கரேகை இதில் கிடைக்காது. படிவுப் பாறை இறுகும்போது சாய்வு குறைந்துவிடும், அதனால் துண்டு நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததாகப் பொய்க்கணக்கு வரும். காந்தம் பின்னாளில் மறுபடி பதிந்ததா என்பதை மடிப்புச் சோதனையால் (மடிந்த அடுக்குகளை விரித்துப் பார்த்தால் காந்தத் திசைகள் ஒன்றாகின்றனவா என்று பார்ப்பது) உறுதி செய்த தரவையே எடுங்கள். புவிகாந்தம் தலைகீழாகும்போதெல்லாம் கடல்தளப் பாறையில் மாறிமாறிப் பதியும் காந்தப் பட்டைகளும் எல்லாக் காலத்துக்கும் உதவாது. சுமார் 12 கோடி முதல் 8.3 கோடி வரை புவிகாந்தம் தலைகீழாகவே இல்லை, ஆகவே அந்த இடைவெளியில் இந்தியாவின் நகர்வைப் பிளவு மண்டலங்களை (தட்டு நகர்ந்த திசையில் கடல்தளத்தில் நீளும் வெட்டுக்கோடுகள்) வைத்துத்தான் தேற்ற வேண்டும்.

கணினியில் தட்டுகளை நகர்த்திப் பார்க்க ஜிபிளேட்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் சுழற்சிக் கோப்பில் ஒவ்வொரு வரியும் தட்டின் எண், காலம், சுழல் துருவத்தின் (தட்டு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தப் புள்ளி) அட்சரேகை, தீர்க்கரேகை, கோணம், நிலையாகக் கொண்ட தட்டின் எண் என்ற வரிசையில் இருக்கும். ஆப்பிரிக்கா 701, இந்தியா 501, அண்டார்டிகா 802. ஒரு கண்டம் திடீரென்று எங்கோ குதித்தால் முதலில் கோணத்தின் குறியைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், ஒரு தட்டு குறிப்புத் தட்டை மாற்றும் காலத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றனவா, இரண்டும் ஒரே இடத்தைத் தருகின்றனவா என்று சரிபாருங்கள். சுழற்சிகளைச் சாதாரண எண்களைப் போல் கூட்ட முடியாது. எதை முதலில் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கடைசியில் கோண்டுவானாவின் சேர்க்கை. சுமார் 65 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பல துண்டுகள் பல மோதல்களில் ஒட்டின. கிழக்கு, மேற்கு என்று இரண்டே துண்டுகள் மோதின என்பது பழைய எளிய சித்திரம். மதுரைப் பாறைத் தொகுதியில் கிடைக்கும், வயதறிய உதவும் சிர்க்கான் என்ற கனிமப் படிகத்தில் உட்கரு 250 கோடி என்றும் வெளிவிளிம்பு 55 கோடி என்றும் வந்தால், மோதலின் வயதைச் சொல்வது விளிம்பு. பாலக்காடு–காவிரி நறுக்கு மண்டலம் (பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்த பட்டை) பழைய மொசாம்பிக் கடல் மூடியபோது இரு நிலத்துண்டுகள் ஒட்டிய தையலா, அதைவிடப் பழைய எல்லையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. விடையில் இரண்டு கருத்தையும் எழுதி, வரைபடத்தில் அந்தக் கோட்டின் மேல் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.