மடக்கினால் சுகம்

நவம்பர் 27, 2024

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு முறுக்கு எண்ணெய் வலது கையில் கொட்டியது. புறங்கையிலிருந்து முழங்கை மடிப்பு வரை. உடனே குழாயடியில் 20 நிமிடம் கையைக் காட்டியிருக்க வேண்டும். இட்லி மாவை அப்பினோம். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போது நான் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி இன்றோடு 12 நாள். ஒட்டிய கையைவிட, எடுத்த தொடைதான் அதிகம் எரிகிறது.

பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அக்கா, நீட்டுங்க, இன்னும் கொஞ்சம்" என்பதுதான் அவள் பேச்சே. அம்மா பொறுக்க மாட்டாமல் முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, "மடக்கியே வச்சுக்கோடி, வலிக்காது" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையணையை உருவினாள். "எப்படி வச்சா சுகமா இருக்கோ, அப்படியே கை இறுகிப் போயிடும்மா."

டிசம்பர் 9

ராத்திரிக்கு இரண்டு ஸ்பிளின்ட். வெந்நீரில் போட்டால் துவண்டுவிடும் பிளாஸ்டிக் தகட்டை என் கைமேலேயே வளைத்துச் செய்தார்கள். முழங்கை நேராக, ஆனால் விரல்களின் அடிமூட்டு மட்டும் மடங்கி, விரல்கள் நீட்டி. இங்கே ஏன் மடக்க வேண்டும் என்று கேட்டேன். வெந்த பக்கத்துத் தோல் சுருங்கி மூட்டைத் தன் பக்கம் இழுக்குமாம். மடிப்பில் வெந்தால் கை மடங்கும், புறங்கையில் வெந்தால் அடிமூட்டு பின்னால் வளையும். அதனால் எதிர்ப்பக்கமாகக் கட்டி வைப்பது. பள்ளியில் இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் அறிவியலில் தேறியிருப்பேன்.

டிசம்பர் 23

மூன்று நாள் ஸ்பிளின்ட் போடவில்லை. சளி, காய்ச்சல் என்று சாக்கு. இன்று மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்துப் பார்த்தால், முழுதாக நீள 20 டிகிரி பாக்கி இருந்தது 35 ஆகியிருக்கிறது. அவள் திட்டவில்லை. நோட்டில் எழுதிவிட்டு, "சரிக்கா, ஆரம்பிப்போம்" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 14, 2025

பொங்கல். பானை பொங்குவதை வாசற்படியிலிருந்து பார்த்தேன். கிட்டே போகவில்லை.

பிப்ரவரி 8

இப்போது பிரஷர் கையுறை. குளிக்க, எண்ணெய் தேய்க்கக் கழற்றுவது போக நாளுக்கு 23 மணி நேரம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். தழும்பு தடித்துச் சிவந்து எழும்பாமல் இருக்க இந்த அழுத்தம். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அரிப்பைத்தான் முடியவில்லை. சொறிந்தால் புதுத்தோல் கிழியும். ஒட்டிய தோலில் எண்ணெய்ப்பசையே இல்லை. தேங்காயெண்ணெய் போட்டு, கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்க்கிறேன். அப்புறம் நீட்டல். சிவந்த தழும்பு வெளுக்கும் வரை இழுத்து, அப்படியே பிடித்திருக்க வேண்டும். வெளுத்தால்தான் தோல் இழுபடுகிறது என்று அர்த்தமாம். இப்போது கண்ணாடிகூடப் பார்ப்பதில்லை, தழும்பின் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 6

பாக்கி 8 டிகிரி. மதியம் ஸ்பூனைத் தள்ளிவிட்டு ரசஞ்சோறு பிசைந்தேன். பாதி தட்டுக்கு வெளியே. அம்மா துடைத்துக்கொண்டே, "கழுவிட்டு உடனே உறையைப் போடு" என்றாள். தலையணை வைத்தவள்தான்.

துவைத்துத் துவைத்துக் கையுறை தொளதொளவென்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை புதிதாக அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் வேறு வரப்போகிறது.