பலகையில் கணக்குப் போட்டு விளக்கும் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்படுத்திய அனுபவம்

எங்கள் கணித இளநிலை மாணவர்களுக்குக் கடைசிப் பருவத்தில் காம்ப்ரிஹென்சிவ் தேர்வு உண்டு. சேர்ந்த நாள் முதல் படித்த நுண்கணிதம், ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குலக் கோட்பாடு (group theory) எல்லாம் ஒரே வினாத்தாளில் கலந்து வரும். அதோடு ஒரு கணக்கைப் பலகையில் போட்டு விளக்கி, தேர்வாளர்கள் நடுவில் நிறுத்திக் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு குழுவுக்குத் தொடக்கம் முதல் தேர்வு நாள் வரை நான் பயிற்சி கொடுத்தேன். அதில் கைகொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்டது பழைய வினாத்தாள்கள். கொடுத்தேன். ஆனால் பயிற்சியை வரையறைகளிலிருந்துதான் ஆரம்பித்தோம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சீரான தொடர்ச்சிக்கு (uniform continuity) வரையறை எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் எழுதியது சாதாரணத் தொடர்ச்சியின் வரையறை. எப்சிலான் (சார்பின் மதிப்புகள் எவ்வளவு விலகலாம் என்பது), டெல்டா (அதற்குப் புள்ளிகள் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது) எல்லாம் இருக்கிறது, வரிசைதான் மாறியிருக்கிறது. புள்ளியை முதலில் எடுத்துக்கொண்டு அப்புறம் டெல்டாவைத் தேடினால் அது தொடர்ச்சி. எந்தப் புள்ளி என்று தெரிவதற்கு முன்பே டெல்டா கையில் இருக்க வேண்டும் என்றால்தான் சீரான தொடர்ச்சி.

இப்படிச் சொன்னால் தலையாட்டுவார்கள். எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் வர்க்கத்தைத் தரும் சார்பை எடுத்துக்கொண்டோம். 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் எந்த இரண்டு புள்ளிகளைக் கூட்டினாலும் 2-ஐத் தாண்டாது. அதனால் எப்சிலானில் பாதியை டெல்டாவாக வைத்தால் போதும். எல்லா மெய்யெண்களுக்கும் போனால்? 10, 10.1 இரண்டின் வர்க்கங்களுக்கும் வித்தியாசம் 2.01. 100, 100.01 எடுத்தால் வித்தியாசம் 2.0001. புள்ளிகள் நெருங்கிக்கொண்டே போகின்றன, வர்க்கங்களின் வித்தியாசம் மட்டும் 2-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இதைத் தன் கையால் போட்டுப் பார்த்த யாரும் அதற்கப்புறம் இரண்டு வரையறைகளையும் குழப்பிக்கொள்ளவில்லை.

அடுத்து, ஒவ்வொரு தேற்றத்திலிருந்தும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு என்ன உடைகிறது என்று பார்த்தோம். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு வரம்பு உண்டு. 'மூடிய' என்பதை எடுத்துவிட்டால், 0-க்கும் 1-க்கும் நடுவில் தலைகீழ் எண்ணைத் தரும் சார்பு எங்கேயோ போய்விடுகிறது. முடிவுள்ள குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை மீதியில்லாமல் வகுக்கும் என்பது லாக்ராஞ்சி தேற்றம். வகுக்கும் எண் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்குலம் உண்டு என்ற அதன் மறுதலை உண்மையா என்றால் இல்லை: நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டு பொருள்களாக இடமாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து கிடைப்பவை) சேர்ந்த குலத்தில் 12 உறுப்புகள் உண்டு, ஆனால் 6 உறுப்புகள் கொண்ட உட்குலம் கிடையாது. இப்படிப்பட்ட எதிர் உதாரணங்களுக்கென்றே எல்லோரும் தனி நோட்டு போட்டார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் அந்த நோட்டைப் படிக்கச் சொல்வேன்.

எழுத்துத் தேர்வுக்குச் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடவாரியாக இல்லாமல் கலந்த தாள்களாகக் கொடுத்தேன். பருவத் தேர்வில் கேள்வியைப் பார்த்ததுமே எந்த அத்தியாயம் என்று தெரிந்துவிடும், இங்கே அந்த வசதி இல்லை. விடை எழுதும் முன் எந்தக் கருவி உதவும் என்று ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

பலகைப் பயிற்சிதான் அதிக நேரம் கேட்டது, கேட்டதற்குத் தகுந்த பலனும் தந்தது. ஒரு மாணவி, பகா எண்ணின் வர்க்கம் அளவுக்கு உறுப்புகள் கொண்ட எந்தக் குலமும் அபீலியன் (உறுப்புகளைப் பெருக்கும் வரிசை மாறினாலும் விடை மாறாதது) என்று நிரூபிக்க வந்தார். மையத்தில், அதாவது எல்லா உறுப்புகளோடும் வரிசை மாற்றிப் பெருக்கக்கூடிய உறுப்புகளின் தொகுப்பில், சமனி தவிர வேறு உறுப்பும் உண்டு. மையம் முழுக் குலமாக இல்லையென்றால், குலத்தை மையத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவுக் குலம் சைக்ளிக் (ஒரே உறுப்பின் அடுக்குகளால் ஆனது) ஆகும். அப்படி ஆனால் குலமே அபீலியன், ஆக முரண்பாடு. தடங்கல் இல்லாமல் முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "பகா எண்ங்கிறதை எங்க பயன்படுத்தின?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு இடங்களை வட்டமிட்டார். இணை உறுப்புகளின் (conjugates) வகுப்பு ஒவ்வொன்றின் அளவும் குலத்தின் உறுப்பு எண்ணிக்கையை வகுக்க வேண்டும். அதனால் அளவு 1 இல்லையென்றால் அது அந்தப் பகா எண்ணின் மடங்கு, மையத்தின் அளவும் அப்படியே என்பது ஒன்று. பகா எண் அளவுள்ள குலம் சைக்ளிக் என்பது இன்னொன்று. "சரி, வர்க்கத்துக்குப் பதில் கனம்னா?" என்றான் அவன். "சதுரத்தோட சமச்சீர்க் குலம். 8 உறுப்பு, அபீலியன் இல்ல," என்றவர், நிரூபணம் அங்கே எங்கே நிற்கிறது என்பதையும் தானாகவே சொன்னார்: ஈவுக் குலத்தின் அளவு அப்போது பகா எண்ணாக இருக்க வேண்டியதில்லை, அதனால் அது சைக்ளிக் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு, வந்தவர்கள் எல்லோரிடமும் "எங்க பயன்படுத்தின?" என்ற கேள்வியை மாணவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் ராபர்ட் லீ மூர் புத்தகமே இல்லாமல் நடத்திய வகுப்புகளைக் கணித ஆசிரியர்கள் பலர் அறிவார்கள். மாணவர்களே நிரூபணம் கண்டுபிடித்துப் பலகையில் போட வேண்டும், மற்ற மாணவர்கள் அதைச் சோதிக்க வேண்டும். முறை நல்ல முறை. அவர் கறுப்பின மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தவர் என்பதும் பதிவான வரலாறு, அதை மறைத்துவிட்டு முறையை மட்டும் புகழ எனக்கு மனம் வராது. அதனாலேயே பலகைக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். வாய் திறக்காத பிள்ளைகள் முதலில் வந்தார்கள், அதுவும் அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் போட்டு வைத்த கணக்கோடு. புதுக் கணக்கு, எதிர்பாராத கேள்வி எல்லாம் குரல் பழகிய பிறகுதான்.

பலகையில் இரண்டு பழக்கங்களைக் கண்டிப்பாகக் கேட்டேன். நிரூபிக்க வேண்டியதையும் நிபந்தனைகளையும் மேல் மூலையில் எழுதி, கடைசி வரை அழிக்கக் கூடாது. 'இது தெளிவு' என்ற சொல் வரக் கூடாது. நடுவில் சிக்கிக்கொண்டால் மௌனமாக நிற்க வேண்டாம், மாட்டிய இடத்தை வாய்விட்டுச் சொல்லி, சிறிய உதாரணம் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். தேர்வாளர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதே இல்லை. மாணவர் யோசிப்பதைப் பார்க்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேர்வு நாளில் ஒருவருக்கு, ஒவ்வொரு சதுர அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை நிறைவுசெய்யும் என்ற கேலி-ஹாமில்டன் தேற்றம் வந்தது. சிறப்பியல்புச் சமன்பாட்டில் மாறிக்குப் பதில் அணியையே போட்டால் அணிக்கோவை பூஜ்யம்தானே, நிரூபணம் முடிந்ததே என்று தேர்வாளர் கேட்டிருக்கிறார். அணிக்கோவை தருவது ஓர் எண், தேற்றம் சொல்வதோ ஓர் அணி பூஜ்ய அணி ஆகிறது என்று; இரண்டும் ஒன்றல்ல என்று பதில் வந்திருக்கிறது. இந்தக் கேள்வியை நாங்கள் பயிற்சியில் தொட்டதில்லை. அடுத்த குழுவுக்குப் பலகைப் பயிற்சியைக் கடைசிப் பருவம் வரை தள்ளாமல், குலங்கள் முதன்முதலில் வரும் பருவத்திலேயே தொடங்கிவிட்டோம்.