வளையட்டும் என்று சொன்னேன்

"அப்போ வெடிச்சா சுவர் வளையும்னு நீங்களே சொல்றீங்க?"

"ஆமா சார். வளையத்தான் வேணும்."

கூட்டத்தில் அதற்குமேல் யாரும் பேசவில்லை. வெடிப்பைத் தடுக்க நான் வரைந்த எஃகுத் தகட்டுச் சுவரைப் பற்றித்தான் பேச்சு. என் கணினி சிமுலேஷன் படத்தில் தகட்டின் நடுப்பகுதி ஒரு சாண் உள்ளே தள்ளியிருந்தது. பின்னால் நாலு ஸ்டிஃப்னர், அதாவது தகட்டை விறைப்பாக்கும் பட்டைகள், வைத்து அதைக் குறைக்கச் சொன்னார் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. நான் மறுத்துவிட்டேன்.

என் வாதம் இதுதான். வெடிப்பின் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். தகடு நீண்டு வளைவதில்தான் அது செலவாகும். விறைப்பைக் கூட்டினால் அந்த விசை விளிம்பு வெல்டுக்குப் போய்ச் சேரும். போதாததற்கு, வேகமாக இழுக்கும்போது மைல்டு ஸ்டீலின் வலிமை தானாகவே ஏறும். நொடிக்கு 40 என்ற திரிபு வேகத்தில், அதாவது நொடிக்குத் தன் நீளத்தைப்போல 40 மடங்கு நீளும் வேகத்தில், அதன் இளகு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) ஏறக்குறைய இரண்டு மடங்கு. தகட்டுக்கு அது நல்லது, அதைப் பிடித்திருக்கும் வெல்டுக்குக் கூடுதல் சுமை.

1973-இல் மென்கஸ், ஓபட் என்ற இரு ஆய்வாளர்கள் இரு முனையும் இறுகப் பிடித்த அலுமினிய உத்திரங்களின் மேல் வெடிமருந்து வைத்துச் சோதித்தார்கள். தாக்கம் குறைவாக இருந்தபோது உத்திரம் வளைந்தது. கூட்டியபோது முனையில் இழுபட்டுக் கிழிந்தது. இன்னும் கூட்டியபோது முனையில் வெட்டுப்பட்டு விழுந்தது, நடுவில் பெரிய வளைவே இல்லாமல். நேராக இருக்கிறதே என்று அதைப் பார்த்துத் திருப்திப்பட முடியுமா? இதையும் அவரிடம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி. ரொம்ப வளைஞ்சாலும் விளிம்புலதானே கிழியும்?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த உத்திரச் சோதனையில் இரண்டாவதாக நடந்ததே அதுதான். கிழியும் எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று பதில் சொன்னேன். அந்த எல்லை, நான் மாடலில் கொடுத்த முறிவுத் திரிபு, அதாவது எவ்வளவு நீண்டால் உலோகம் கிழியும் என்ற அளவு. மெஷ்ஷின், அதாவது கணக்குக்காகத் தகட்டைப் பிரிக்கும் சிறு கட்டங்களின், அளவை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். வெல்டை ஒட்டி, சூடுபட்டுக் குணம் மாறிய பட்டையில் என்ன நடக்கும் என்பதற்கு என் மாடலில் தனியாக எதுவும் இல்லை. இதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அன்று வாயால் சொன்னது "கிழியாது சார்" என்ற இரண்டு சொல் மட்டும். கூட்டத்தில் வேறு எப்படிப் பேசுவது? தயங்கினால் நாலு ஸ்டிஃப்னர் எட்டாகியிருக்கும்.

வளைவது பற்றிய அவருடைய பயத்தையும் தள்ளிவிட முடியாது. 1988-இல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். அங்கிருந்த தடுப்புச் சுவர்கள் தீக்காக வடிவமைக்கப்பட்டவை, வெடிப்புக்காக அல்ல. முதல் வெடிப்பிலேயே உடைந்தன. சுவருக்குப் பின்னால் ஆள் இருப்பதைத்தான் அவர் பார்த்தார். நான் தகட்டைப் பார்த்தேன் என்று சொன்னால், அது எனக்கு நானே செய்யும் அநியாயம். வெல்டைப் பற்றி நான் கவலைப்பட்டதும் அந்த ஆளுக்காகத்தான்.

என் வரைபடப்படியே கட்டினார்கள், விளிம்பு வெல்டுக்குக் கூடுதல் பரிசோதனையோடு. அதைக் கேட்டு வாங்கியது நான்தான், அந்தக் கூட்டத்துக்கு அப்புறம்.

அடுத்த சுவரின் வரைபடம் ஸ்டிஃப்னர் வைத்து வேறொருவர் போட்டது, என்னிடம் சரிபார்க்க வந்தது. விளிம்பு வெல்டு தாங்க வேண்டிய விசையை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெல்டு தாங்கியது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.