எட்டுத் தோல்விகளும் ஒரு திங்கட்கிழமையும்

அன்று நான் கேஷ் கேபினுக்குள் நின்றது பத்து நிமிடங்களுக்கும் குறைவான நேரம்தான். பெட்டக அறையின் இரண்டாவது சாவியை வைத்திருக்கும் அதிகாரி என்ற முறையில் கேபினுக்குள் செல்ல எனக்கு உரிமை இருந்தது என்பதும், அந்த நேரத்தில் அங்கே செல்வதற்கு அலுவல் காரணம் எதுவும் இருக்கவில்லை என்பதும் ஒரே அளவுக்கு உண்மை. முதலாவது உண்மை ஆறுதல் தரும் நாட்களும் உண்டு. இரண்டாவது குறுக்கே வந்து அந்த ஆறுதலைக் கலைத்துவிடும் நாட்களே அதிகம்.

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. முந்தைய சனிக்கிழமை மாதத்தின் இரண்டாவது சனி, மறுநாள் சுதந்திர தினம். இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் அகப்பட்ட வேலை நாளில் கொல்கத்தாவின் யாதவ்பூர்ப் பக்கத்து வங்கிக் கிளையொன்றில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பதை வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்துடன் இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறும் வேலையும் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் அன்று காலை கிளைக்குள் நுழைந்த எவரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. சனிக்கிழமை மாலை சால்ட் லேக் மைதானத்தில், டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் குழுச் சுற்று ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்கால் அணி தன் உள்ளூர்ப் பரம எதிரியான மோகன் பகானை 1–0 என்று வென்றிருந்தது. அந்த ஒரே கோலை அறுபதாவது நிமிடத்தில் அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர்.

வெறும் குழுச் சுற்று வெற்றிக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்கலாம். ஈஸ்ட் பெங்கால் அதற்கு முன் மோகன் பகானைக் கடைசியாக வென்றது 2019 ஜனவரியில். அதன் பிறகு தொடர்ந்து எட்டு டெர்பிகளில், அதாவது இந்த இரண்டு அணிகளும் மோதும் ஆட்டங்களில், தோற்றிருந்தது. ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் தொடருக்குள் 2020-இல் வந்ததிலிருந்து மூன்று பருவங்களில் ஒன்பதாம் இடம், பதினொன்றாம் இடமாகிய கடைசி இடம், மறுபடி ஒன்பதாம் இடம். டெர்பிக்கு ஆறு நாட்கள் முன்புகூட வங்கதேச ராணுவ அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் முன்னிலையில் இருந்துவிட்டு 2–2 என்று ஆட்டத்தைக் கோட்டைவிட்டிருந்தது. எதிரணியோ அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியன், உலகக் கோப்பையில் ஆடியவரையும் கையில் வைத்திருந்த அணி. எங்கள் கிளையைச் சுற்றி இருப்பவை பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தாங்களே வீடு கட்டிக்கொண்ட காலனிகள். அங்கே 'இந்த வாரமாவது' என்று நான்கரை ஆண்டுகள் சொல்லிச் சொல்லி, பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். அன்று அவர்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, முறை வந்தும் கவுண்டருக்கு வராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சந்தையில் எந்த விலைக்கு இலிஷ் மீன் வாங்கினார்கள் என்பதும் பேச்சில் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ், மோகன் பகான் வென்றால் இறால் என்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அவர்களில் யாரும் கோப்பை வந்துவிட்டதாகப் பேசவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். புதிய பயிற்சியாளர் குவாத்ராத் முதுகெலும்புள்ள ஓர் அணியைக் கட்டிவருகிறார், பிள்ளைகள் கடைசி நிமிடம் வரை ஓடினார்கள், அது போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதே பலரும் சொன்னது.

நான் கும்பகோணத்துக்காரன். நந்தகுமாரின் பெயரைச் சனிக்கிழமை இரவுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். ஆனால் கொல்கத்தாவில் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் மதராஸ்காரர்கள். அன்று காலை காவலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார், பாதிதான் புரிந்தது. அந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகியும், வேலை சம்பந்தமில்லாத ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் பேசியதில்லை. அவர்கள்மேல் தவறில்லை. நான் தணிக்கைக் குறைகளைச் சரி செய்வதற்காக அனுப்பப்பட்டவன். வங்க மொழியும் எனக்குச் சரியாக வராது. அன்று எனக்குக் கிடைத்தது நான் உழைத்துச் சம்பாதிக்காத பெருமை என்று தெரிந்திருந்தும், அது எனக்குத் தேவையாக இருந்தது. கேபினுக்குள் நான் போனதற்கு அதுதான் காரணம்.

காசாளருக்கு ஓய்வு பெற எட்டு மாதங்கள்கூட இல்லை. அவருடைய தந்தை கிழக்கு வங்கத்து நவகாளியிலிருந்து வந்தவர். என்னை அவர் சார் என்பார், நான் அவரைத் தாதா என்பேன், வங்க மொழியில் அண்ணன் என்று பொருள். கதவைத் திறந்து உள்ளே போனதும், 'உங்கள் ஊர்ப் பையன் என்ன செய்துவிட்டான் பார்த்தீர்களா சார்' என்று தொடங்கினார். வலப்பக்கத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி வந்து, இடக்காலால் தூர மூலைக்கு வளைத்து அடித்த அந்த கோலை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளாலும் இடது கையாலும் எனக்குக் காட்டினார். நோட்டு எண்ணும் இயந்திரம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்ட ஏதோ ஒரு கேள்வி அந்த இரைச்சலில் அவருக்குக் காதில் விழவில்லை. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என் பக்கம் தலையைச் சாய்த்து, 'சொல்லுங்கள்' என்றார். பிறகு பஞ்சில் விரலை நனைத்துக்கொண்டு கையாலேயே எண்ணத் தொடங்கினார். அது என் பொருட்டு அவர் காட்டிய மரியாதை.

மாலையில் பத்தாயிரம் ரூபாய் குறைந்தது.

மூன்று முறை எண்ணினோம். சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது நாற்பதாயிரம் ரூபாய்க்கான ஒரு பணம் எடுப்பில் இருவரும் நின்றோம். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளில் நாற்பதாயிரம் என்றால் எண்பது நோட்டுகள். நூறு நோட்டு பாக்கெட்டைப் பிரித்து இருபதை எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைக்காமல் முழு பாக்கெட்டையும் கொடுத்திருந்தால் குறைவது சரியாகப் பத்தாயிரம். சீட்டில் இருந்த நேரம், நான் கேபினுக்குள் இருந்த நேரம். பேச்சின் நடுவில் அவருடைய கட்டைவிரல் காகிதப் பட்டை கிழிக்கப்படாத ஒரு பாக்கெட்டின்மேல் ஒரு கணம் நின்றதை நான் பார்த்ததாக இப்போது நினைவிருக்கிறது. உண்மையில் பார்த்தேனா, அல்லது குறைந்த தொகை தெரிந்த பிறகு என் மனம் அந்தக் காட்சியை உண்டாக்கிக்கொண்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்திருந்தால் அப்போதே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். வீட்டில் எண்ணிப் பார்த்ததாகவும் சரியாக நாற்பதாயிரமே இருந்ததாகவும் சொன்னார். அவர் சொன்னதைச் சந்தேகிக்க எங்களிடம் ஆதாரம் இல்லை. கடைசியாக சி.சி.டி.வி. பதிவைப் போட்டுப் பார்த்தோம். கேபினின் பின்மூலையில் இருக்கும் கேமரா அது. சீட்டு வருவது தெரிகிறது, காசாளர் மேசை அறைக்குள் கை விடுவது தெரிகிறது. அதற்குப் பிறகு கவுண்டரின் துவாரத்தை என் முதுகு மறைத்துக்கொண்டிருக்கிறது. பணம் கை மாறிய அந்தச் சில விநாடிகளில் திரையில் இருப்பது என் வெள்ளைச் சட்டையும், சிரிப்பில் குலுங்கும் என் தோளும் மட்டுமே. காசாளர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். 'தாதா, சனிக்கிழமை ஆட்டத்தின் நினைவில் கை தவறிவிட்டதோ?'

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பஞ்சுக் கிண்ணத்தின் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, 'எட்டு முறை தோற்றோம், சார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வேலைக்கு வந்தேன். ஒருநாளும் என் கணக்கு பிசகியதில்லை' என்றார். பிறகு தன் சேமிப்புக் கணக்கிலிருந்து பத்தாயிரத்தை எடுத்து ஈடு கட்டினார். விதிப்படி அன்றே கட்டியாக வேண்டும், கட்டினார்.

அந்தப் பதிலை நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். துக்கத்தைத் தாங்கிப் பழகிய கைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை என்று, தன் தவறை ஒப்புக்கொள்ளும் விதத்தில் அவர் சொல்லியிருக்கலாம். முதலில் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அல்லது, ஆட்டத்தின்மேல் பழியைப் போடாதீர்கள், ஆட்டம் என் வேலையில் ஒருபோதும் குறுக்கிட்டதில்லை, அன்று புதிதாகக் குறுக்கிட்டது எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஓய்வை நெருங்கிய ஒரு மனிதர், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய மேலதிகாரியிடம், அதற்கு மேல் வெளிப்படையாக எப்படிச் சொல்ல முடியும்? மூன்றாவதாக ஒரு பொருளும் எனக்குத் தோன்றுவதுண்டு. நான் கேட்ட கேள்வியே அவரைப் புண்படுத்தியிருக்கலாம். நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஒரு நல்ல நாளை, பத்தாயிரம் ரூபாய்க் கணக்கில் குற்றவாளியாக நான் நிறுத்தியதை அவர் பொறுக்கவில்லை என்றும் கொள்ளலாம். அணி தோற்றபோதெல்லாம் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன், வென்ற அன்று மட்டும் கேபினுக்குள் வந்து பங்கு கேட்டேன். மாலையில் அதையே குறையாகவும் சொன்னேன்.

வட்டார அலுவலகத்துக்கான அறிக்கையை எழுதியது நான். 'காசாளரின் கவனக்குறைவால் நேர்ந்திருக்கலாம். தொகை ஈடு செய்யப்பட்டது. கேமரா பதிவில் பணம் கைமாறும் காட்சி தெளிவாக இல்லை' என்று எழுதினேன். அதில் பொய் என்று சொல்லத்தக்க வாக்கியம் எதுவும் இல்லை. பதிவு ஏன் தெளிவாக இல்லை என்று யாரும் கேட்கவில்லை. என் பெயரைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு வந்திருக்கும், அவருடைய இழப்பில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. பணம் எண்ணும்போது யார் பேசினாலும் எண்ணி முடிப்பது காசாளரின் பொறுப்பு என்பதே விதி. என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். இந்த வாதம் முழுவதையும் நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, பத்தாயிரத்தில் பாதியை ஓர் உறையில் போட்டு இரண்டு வாரம் என் பையில் வைத்திருந்தேன். கொடுத்தால் அது ஒப்புதல் ஆகிவிடும் என்று ஒருநாளும், அவமானப்படுத்துவதாக அவர் நினைப்பார் என்று மற்றொரு நாளும் தள்ளிப்போட்டு, கடைசியில் கொடுக்கவே இல்லை.

அந்த இரண்டு வாரத்தில் ஈஸ்ட் பெங்கால் அரையிறுதியில் இரண்டு கோல்கள் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டது. ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் சமன் செய்த கோல் மறுபடியும் நந்தகுமாருடையது. பெனால்டிகளில் வென்று இறுதிக்குப் போனார்கள். செப்டம்பர் 3 அன்று இறுதி ஆட்டத்தில், எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும், பத்து பேர் கொண்ட மோகன் பகானிடம் 0–1 என்று தோற்றார்கள். மறுநாள் திங்கட்கிழமை. காசாளர் வழக்கமான நேரத்துக்கு வந்தார், கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நேரானது. அதை அவர் எனக்குக் காட்டுவதற்காகச் செய்தார் என்று நினைப்பது அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று மாலை பெட்டக அறையைப் பூட்டும்போது அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிசா அணியை நீட்டிக்கப்பட்ட நேரத்தில் 3–2 என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த தேசிய அளவிலான கோப்பை அது. நந்தகுமார் தன் பழைய அணிக்கு எதிராக அந்த ஆட்டத்திலும் ஒரு கோல் அடித்திருந்தார். மறுநாள் காலை கிளையில் ஆகஸ்ட் மாதத்தைவிடப் பெரிய கொண்டாட்டம். ஒரு டெர்பி வெற்றியை வைத்து அவர்கள் நம்பியது வீண் போகவில்லை என்று மனதார மகிழ்ந்தேன்.

பெட்டக அறையைத் திறக்க இருவரும் சாவிகளோடு நின்றோம். 'வாழ்த்துகள் தாதா' என்றேன். அவர் முகம் முழுவதும் மலர்ந்தது. அன்றைய பணத்தைக் கேபினுக்குக் கொண்டுபோனதும் கதவைப் பிடித்துக்கொண்டு, 'உள்ளே வாருங்கள் சார், உட்காருங்கள், நேற்றைய ஆட்டத்தைச் சொல்கிறேன்' என்றார்.

வரிசை காத்திருக்கிறது, மதிய இடைவேளையில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். அவர் ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே நின்றார், பிறகு சாத்திக்கொண்டார். விதியை மதித்தேன் என்றும் சொல்லலாம். அவர் நீட்டிய கையை இரண்டாவது முறை தட்டிவிட்டேன் என்றும் சொல்லலாம். மதிய இடைவேளையில் அவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், நான் போகவில்லை. நாள் முழுவதும் இயந்திரம் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாலை ஐந்தரைக்குக் கணக்கு நேரானது என்று காவலாளி மூலம் சொல்லி அனுப்பினார். நான் என் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.